ஐந்தாவது கோடு

நேற்று மூன்றாவது கோடு வரை நனைந்து வந்த மூங்கில் கழி, இன்று நான்காவது கோட்டையும் தாண்டி நனைந்திருந்தது. பூங்குழலி அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் போர்ட்டிகோ தரைக்கடியில் கட்டியிருந்த சம்ப்புக்குள் விட்டுப் பார்த்தாள். அதே ஈரம். டேங்கர் வந்து பதினோரு நாளாகிறது. துணி துவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, தினமும் குடம் குடமாக எடுத்த தண்ணீர் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தது.

கழியில் ஐந்து கோடு போட்டவன் அவள் கணவன் முனிராஜ். ஐந்தாவது என்றால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த லேஅவுட்டில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கழி உண்டு. சம்ப்பின் இரும்பு மூடிக்கு ஒரு பூட்டும் உண்டு, நகையைவிடத் தண்ணீர்தான் அங்கே அதிகம் திருடு போகும். மைசூரு ரிங் ரோட்டைத் தாண்டி, ஒரு ஏரியை மண் கொட்டி மேடாக்கி மனை போட்ட இடம். முப்பது வீட்டுக்கென்று தோண்டிய ஒரே போர்வெல், முந்நூறு வீடு வந்ததும் சேற்றைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான், சாயங்காலம் எல்லோரும் ஸ்விட்சைப் போட்டதும் மூச்சை விட்டுவிடும். மனை விற்ற நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த காவேரித் தண்ணீர் இன்னும் வந்தபாடில்லை. வந்த ஒரே காவேரி, பூங்குழலியின் மூன்று மாதப் பெண் குழந்தைதான்.

முனிராஜுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ஊத்து எதாச்சும் ஒடைச்சிருக்கும் குழலி. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா தெருவே கொடத்தத் தூக்கிட்டு வந்து நிக்கும்," என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான்.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. பிள்ளை பெற்றவள் மூன்றாம் மாதம் கிணற்றடிக்குப் போய், மஞ்சள் குங்குமம் வைத்துக் கங்கம்மாவைக் கும்பிட்டு, குழந்தையைத் தண்ணீருக்குக் காட்டிவிட்டு வருவது அவர்கள் ஊரான ராமாபுரத்து வழக்கம். இங்கே கிணற்றுக்கு எங்கே போவது? டேங்கர் வந்த அன்று சம்ப் மூடியைத் திறந்து, அதற்கே பொட்டு வைத்துக் கும்பிட்டாள். குழந்தையை இரண்டு கையாலும் நீட்டி, "தாயே, இதுவும் உன்ற புள்ளதான். நீதான் பாத்துக்கோணும்," என்றாள்.

ஏரி இருந்த காலத்திலிருந்தே அங்கே குடியிருக்கும் எதிர்வீட்டு லிங்கம்மா கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கெரெய மூடிட்டு, அது மேலயே நின்னுட்டு, யார் கையில புள்ளைய குடுக்கறேம்மா?" என்றாள். ஏரியை அவள் கெரெ என்றுதான் சொல்வாள். கிண்டல் செய்கிறாள் என்றுதான் பூங்குழலி அன்று நினைத்தாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றி நின்றதும், அதுவரை அதன் இரைச்சலுக்குள் பதுங்கியிருந்த இன்னொரு சத்தம் தரைக்கடியிலிருந்து மெல்ல மேலே வந்தது, யாரோ அவசரமே இல்லாமல் துணி அலசுவதுபோல, சளப், சளப் என்று. கூடவே பாசியும் அழுகிய தாமரைத் தண்டும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாடை வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் வந்தது. தூளிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பூங்குழலி செல்போன் வெளிச்சத்துடன் போர்ட்டிகோவுக்கு வந்து பூட்டைத் திறந்தாள்.

கழியை விடவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் விளிம்புவரை நின்றது. கறுப்பாக, அசையாமல். நடுவில் ஒரு தாமரை இலை, பச்சைப்பசேலென்று. கான்கிரீட் தொட்டிக்குள். அவள் அதை விரலால் ஒதுக்கினாள். விரல் விறைத்துப் போயிற்று.

கேட்டை யாரோ தட்டினார்கள். லிங்கம்மா, இடுப்பில் குடத்துடன்.

"ஒரே ஒரு கொடம் கொடும்மா. பேரனுக்கு ஜுரம் கொதிக்குது. வீட்ல சொட்டு இல்ல."

மூடியைத் திறந்துபோட்டபடியே பூங்குழலி கேட்டுக்கு ஓடி, அவள் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாள். கொடுத்தால் நாளைக்குத் தெருவே வரும்.

"நம்முளுதும் காலிங்கக்கா."

"கொஞ்சமாச்சும்..."

"எம்புள்ள சத்தியமா ஒரு சொட்டு இல்லீங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. லிங்கம்மா அவள் கையைப் பார்த்தாள். "உங் கையில கெரெ மண்ணு வாசன அடிக்குது, பூங்குழலி," என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்குடத்துடன் திரும்பிப் போனாள்.

பூங்குழலி ஓடிவந்தாள். தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு முழம். இலையைக் காணோம். மூடியை இழுத்துப் போட்டாள். பூட்டினாள். சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூத்திரம் போயிருக்கும், அவ்வளவுதான். தூளிச் சேலையை விலக்கினாள். குழந்தை விழித்திருந்தது. அவளையே பார்த்தது. அள்ளி எடுத்தாள். கனத்தது. தலைமுடி தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது.

"அம்மிணி... என்ற தங்கமே..."

அது சிரித்தது.

அப்போதுதான் கேட்டது. வெளியே, போர்ட்டிகோவில், இரும்பு மூடிக்கு அடியிலிருந்து. ஒரு குழந்தையின் அழுகை. பசித்த அழுகை. மூன்று மாதமாக அவள் கேட்டுக் கேட்டு எழுந்த அதே குரல்.

அந்தக் குரலுக்கு அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடி மார்புக்குக் கை போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு சின்னக் கை இருந்தது. சில்லிட்ட ஐந்து விரல்கள் சாவியை இறுகப் பிடித்திருந்தன. பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை.

வெளியே அழுகைக்கு நடுவே தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.