கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

சளக்!

சேற்றுத் தண்ணீர் குடையைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, நேராக அவள் நோட்டின் மேல் வந்து விழுந்தது. காலை ஆறு மணியிலிருந்து பார்த்துப் பார்த்துப் போட்ட கோடுகள்... நான்கு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே... எல்லாம் கண்ணெதிரே கலங்க ஆரம்பித்தன.

"யோவ்! கண்ணு தெரியலையா?" என்று எழுந்துவிட்டாள்.

மோட்டார் சைக்கிள் பத்தடி தள்ளி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான் ஒருவன். கைக்குட்டையை எடுத்து நோட்டின் மேல் ஒற்றினான். தேய்க்கவில்லை, ஒற்றினான். அந்த நிதானம் அவளுக்குப் பிடித்துப் போனது. பிடித்ததே எரிச்சலாகவும் இருந்தது.

"ஸாரிங்க... பள்ளம் தெரியல. ஏதாவது பரீட்சை எழுதுறீங்களா?"

"நடுரோட்டுல உக்காந்து யாராவது பரீட்சை எழுதுவாங்களா? வண்டி எண்ணிட்டு இருக்கேன். நீங்க எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணா? எனக்கு இன்னும் முப்பதே ஆகலீங்க!"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் அவள். ஊரில் பாதிப் பேரின் கண்களை ஒரு சாண் தூரத்தில் பார்த்தவள். கண் என்றால் அவளுக்கு ஒரு பவர், ஒரு நம்பர், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... மன்னிப்புக் கேட்கும்போதே சிரித்தன. மழைத்துளி இமையில் நின்றது. இதற்கு என்ன நம்பர் எழுதுவது?

அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் புது லிஃப்ட் மாட்ட வந்திருக்கிறானாம். பெரிய ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், அதனால் இந்த வழி.

"லிஃப்டா? எங்க ஊர்ல ரெண்டு மாடிக்கு மேல கட்டவே விடமாட்டோம். உங்களுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்..." என்றான், தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்துவிட்டு. "இப்பதான் சந்தேகமா இருக்கு."

போய்விட்டான். எழுபத்திரண்டாவது வண்டியை அவள் கிட்டத்தட்ட விட்டுவிடப் பார்த்தாள்.

வண்டி எண்ணுவது விளையாட்டு இல்லை. வயல்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து ஊருக்குள் வரும் இந்த ரோட்டை அகலப்படுத்த மேலிடத்தில் திட்டம் தயாராக இருந்தது. அகலப்படுத்தினால் பதினோரு தூங்குமூஞ்சி மரங்கள் போகும். பேக்கரியின் முன்பக்கம் போகும். அவள் கடை முழுசாகவே போகும். அப்புறம் லாரி வரும், ஐந்து மாடி வரும், ஊர் ஊராக இருக்காது. மூன்று நாளில் ஆயிரத்து இருநூறு வண்டிக்கு மேல் ஓடினால்தான் அகலப்படுத்தலாம் என்று விதி. ஊர்க்காரர்களே எண்ணித் தாளுக்குத் தாள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ரிட்டயரான போஸ்ட் மாஸ்டரான அவள் அப்பாதான் ஊர்ப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். காலை அவள் முறை, மத்தியானம் அப்பா முறை. போன வருஷம் எண்ணியபோது ஆயிரத்தைத் தாண்டவில்லை. பயமில்லை என்றுதான் உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.

"என்ன, வழி தப்பிடுச்சா?"

"ஸ்பேனரை மறந்துட்டேன்."

கோடு போட்டாள். போட்ட கை சும்மா இல்லாமல் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியும் வைத்தது. ஏன் வைத்தாள்? அவளுக்கே தெரியாது.

மறுபடி வந்தான்... டீ குடிக்க. மறுபடி... டீக்கடையில் குடையை மறந்துவிட்டானாம். ஹெல்மெட் போட்டவனுக்குக் குடை எதற்கு? கேட்கவில்லை. முதல் நாள் அப்படி ஏழு புள்ளி.

இரண்டாம் நாள் எட்டு. லிஃப்டுக்கு ஒரு பாகம் வந்து சேரவில்லை, அதுவரை சும்மாதான் இருக்கிறேன் என்றான். "சும்மா இருக்கிறதுன்னா உக்காந்திருக்கணும். இப்படி ரோட்டை அளக்கக் கூடாது" என்றாள். "உக்காந்தா நிலைகொள்ளலீங்க" என்றான்.

அவளுக்கு மட்டும் நிலைகொண்டதா? நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. பேனா மூடியைக் கடித்தாள். எழுந்தாள். குடையைச் சரிசெய்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் நெஞ்சு படபடவென்று அடித்தது... டிராக்டர். அடுத்தது பால்வண்டி. ச்சே!

"என்னடி, வண்டியை எண்ணுறியா, வழியைப் பாக்குறியா?" பன் கொண்டுவந்த பேக்கரி அக்கா கண்ணடித்தாள்.

"போங்கக்கா... கண்ணுல தூசி விழுந்துடுச்சு."

"மழையில தூசியா?"

மூன்றாம் நாள் காலையில் பத்து. பத்தாவது தடவை அவன் நிற்கக்கூட இல்லை. வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு பார்வை. அதற்கே அவள் காது வரை சிவந்தாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் அப்பா நோட்டுத் தாள்களையெல்லாம் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆயிரத்து இருநூத்திப் பதினாலு."

வெள்ளத்தால் இந்தப் பக்கம் திரும்பிய வண்டிகள் கொஞ்சம்... அப்புறம்? அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரே ஒரு தாள், போஸ்ட் மாஸ்டரே... மழையில கரைஞ்சுடுச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?" என்று பேக்கரி அக்கா மெல்ல இழுத்தாள்.

"கையெழுத்துப் போட்ட தாள்மா அது" என்றார் அப்பா. தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "நாளைக்கு அப்படியே கொடுத்துடுவோம்."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான், முகமெல்லாம் சிரிப்பாக.

"எண்ணி முடிச்சாச்சா? நிறைய வந்துச்சா?"

"வந்துச்சு. பதினாலு அதிகம். ரோடு அகலமாகப் போகுது. மரம் போகுது, என் கடை போகுது... திருப்தியா?"

சிரிப்பு அப்படியே செத்துவிட்டது. "அகலமாகவா? ஐயோ... நடமாட்டம் இருக்கிற ரோடுன்னு காட்டத்தான் எண்ணுறீங்கன்னு நினைச்சேன். எண்ணிக்கை கூடினா உங்களுக்கு நல்லதுன்னு... அதுக்காகவும்தான் நான்..."

"உங்களை யாரு உதவி கேட்டா? இனிமே இந்த ரோட்டுல உங்க வண்டியை நான் பாக்கவே கூடாது!"

கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோபம் அவன் மேலா? 'முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டான். ஏன் சொல்லவில்லை? வராமல் போய்விடுவானே என்றுதானே!' ஊரைக் காப்பாற்ற உட்கார்ந்தவள் எதைக் காத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. நாளை எழுந்து சொன்னால்? ஊரே சிரிக்கும். அப்பா தலைகுனிவார். சொல்லாவிட்டால்? பதினோரு மரம்.

மறுநாள் பத்து மணிக்கு நூலக மேல்மாடியில் கூட்டம். ஜன்னலில் மழை. ரோட்டுத் திட்டத்துக்காக வந்திருந்த அதிகாரி அம்மா நோட்டின் தாள்களைப் புரட்டினார். அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"கணக்கு சரியா இருக்கு. ஆயிரத்து இருநூத்திப் பதினாலு. அப்ப..."

"மேடம்!"

எழுந்துவிட்டாள். இனி உட்கார முடியாது.

"அதுல ஒரே வண்டி திரும்பத் திரும்ப வந்திருக்கு மேடம். அந்த வண்டிக்கு இந்த ரோட்டுல எந்த வேலையும் இல்ல. கோட்டுக்குப் பக்கத்துல புள்ளி வெச்சிருக்கேன் பாருங்க."

அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஆமா... எல்லாம் காலைத் தாள்லதான் இருக்கு. மத்தியானத் தாள்ல ஒண்ணுகூட இல்லையே?"

"மத்தியானம்... எங்கப்பா உக்காந்திருப்பாரு மேடம்."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. கூட்டம் முழுக்கப் பரவியது. அவள் தலைநிமிர்ந்து நின்றாள். அப்பாவை மட்டும் பார்க்க முடியவில்லை.

"அப்ப எதுக்குத்தான் வந்தது அந்த வண்டி?"

"என்னைப் பாக்க" என்றாள். "வேண்டாம்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லல. ஏன்னா... வரணும்னு நானும் காத்துட்டு இருந்தேன். தப்பு என்னோடதுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"வேலையில்லாம சுத்தின வண்டியைக் கழிக்கலாம்மா, விதி இருக்கு. ஆனா ஓட்டினவரே வந்து எழுதிக் கொடுக்கணும். ஆள் எங்க?"

எங்கே போய்த் தேடுவாள்? வராதே என்று அவள்தானே துரத்தினாள்...

"இங்க இருக்கேன் மேடம்."

கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்திருக்கிறது! தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

அதிகாரி அம்மா நோட்டைச் சட்டென்று மூடினார். "இதைப் பாக்காம சொல்லுங்க தம்பி. வேலையில்லாம எத்தனை தடவை வந்தீங்க?"

"இருபத்தஞ்சு." யோசிக்கவே இல்லை. "முதல் தடவை மட்டும் வெள்ளத்துக்காக வந்தது மேடம், அது கணக்குல இருக்கட்டும். அதுக்கப்புறம் முதல் நாள் ஏழு, ரெண்டாம் நாள் எட்டு, நேத்து பத்து."

அதிகாரி அம்மா நோட்டைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தைந்து புள்ளி.

"அதெப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"நானும் எண்ணிட்டுதான் இருந்தேன் மேடம்" என்றான். அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான். "அவங்க முகத்தை எத்தனை தடவை பாத்தேன்னு."

எழுதிக் கொடுத்தான். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதினான் என்று படித்த அதிகாரி அம்மா, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். கழித்தபின் ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது. பேக்கரி அக்கா கைதட்டியதில் பன் தட்டு கவிழ்ந்தது.

அப்பா மெல்ல நடந்து அவனிடம் வந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி இப்படி நனைஞ்சிருக்கீங்க? வண்டி என்னாச்சு?"

"பெரிய ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்தேன் சார். இன்னும் ஒண்ணு கூடிடக் கூடாதேன்னு."

"எண்ணிக்கைதான் நேத்தே முடிஞ்சுபோச்சே!"

"வண்டியைப் பாக்கவே கூடாதுன்னு... இவங்க சொன்னாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டு, மகள் பக்கம் திரும்பாமலே கீழே இறங்கிப் போனார்.

இருவரும் நூலக வாசலுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அடங்காத அவள் கால்கள் முதல் முறையாக ஒரு இடத்தில் நின்றன.

"அப்ப நான்... இனிமே வரக் கூடாதா?" என்றான், துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வண்டியில வந்தாதான் கோடு" என்றாள். "நடந்து வர்றவங்களை நாங்க எண்ணுறதில்ல... எத்தனை தடவை வேணும்னாலும் வரலாம்."