பின்வளவு வெளிச்சம்

மூன்று மாதம் கழித்து அந்தக் கடற்கரை வீட்டின் படலையைத் திறந்தான் தேனுஜன்.

"வாரும் தம்பி!" கிணற்றடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள் ஞானாம்பிகை. "நாங்கள் நுளம்புத்திரி கொளுத்திப் பூச்சியைக் கலைக்கிறம். நீர் லைட் போட்டு விருந்துக்குக் கூப்பிடுறீர். நல்ல படிப்புத்தான்!"

சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கொன்றது.

போனமுறை பூச்சி ஆய்வுக்காக அவன் இங்கே தங்கியிருந்தபோதுதான் அவள் புருஷன் தியாகராசா செத்தார். படகு கடலுக்குள் முருகைக்கல் பாறையில் மோதிச் சிதறியது. குடிவெறியில் ஓட்டினார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. சந்தையில் அவள் காதுபடவே கதைத்தார்கள்.

"சத்தியமாய் அவர் அண்டைக்குக் குடிக்கேல்லை தம்பி. வான் தெரியாத ஆளே அவர்?"

வான் என்பது முருகைக்கல்லுக்கு நடுவே படகு நுழையும் ஒடுங்கிய வழி. அதற்கு நேரே கரையில் ஒரு விளக்குக் கம்பம். படகுகள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துத்தான் உள்ளே வரும். அன்றைக்குக் கரண்ட் இல்லை. கரை முழுக்க எரிந்தது ஒன்றே ஒன்று: பின்வளவில் வெள்ளைச் சீலை கட்டி, பற்றரியில் தேனுஜன் போட்டிருந்த பூச்சி லைட்.

எஞ்சின் சத்தம் தன் பக்கம் திரும்பியது அவனுக்குக் கேட்டது. ஏன் திரும்புகிறது என்பதும் விளங்கியது. ஆனால் அந்த நிமிடம் பார்த்துத்தான், அவன் வருடக்கணக்காகத் தேடிய விட்டில் ஒன்று, உள்ளங்கை அகலத்தில், சீலையில் வந்து குந்தியது.

ஒரே ஒரு படம். எடுத்துவிட்டு லைட்டை நூர்ப்போம்.

படம் நன்றாகவே வந்தது.

இன்றைக்கு உண்மையைச் சொல்லத்தான் வந்தான். அவள் முகத்தைக் கண்டதும் பொய்தான் வாயில் வந்தது.

"கொஞ்ச ஆய்வு மிச்சம் கிடக்கு அக்கா" என்றான்.

சொன்ன பொய்க்காகவே, பொழுதுபட்டதும் சீலையைக் கட்டி லைட்டைப் போட வேண்டியதாயிற்று. ஈசல், வண்டு, விட்டில் எல்லாம் படபடவென்று வந்து மொய்த்தன. கடல் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

திடீரென்று அத்தனை பூச்சியும் ஒன்றாய் எழும்பிப் பறந்தன.

சீலை வெறுமையானது.

காற்று நின்றது. ஈர வலையின் வாடை. அதற்குள் மண்ணெண்ணெய் வாடை.

தூரத்தில் ஓர் எஞ்சின்.

கடலில் திரும்பியது. கல்லைத் தாண்டியது. மணலைத் தாண்டியது. இப்போது பனையோலை வேலிக்கு அந்தப் பக்கம், வெறும் தரையில், அவனை நோக்கி...

வயரைப் பிடுங்கினான். இருட்டு.

சத்தம் நிற்கவில்லை.

"அண்ணை! இது வான் இல்லை! திரும்புங்கோ! இது என்ரை லைட்!"

நின்றது.

குசினிக் கதவடியில் ஞானாம்பிகை நின்றாள். "ஆரைத் தம்பி கூப்பிட்டனீர்? எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே."

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னான். விட்டிலையும் சொன்னான். படத்தையும் சொன்னான்.

அவள் கதவில் கை வைத்தாள்.

"அண்டைக்கும் உப்பிடி ஒருக்காக் கத்தியிருக்கலாமே."

கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் கடற்றொழிலாளர் சங்கத்தில், எல்லார் முன்னாலும், அதையே திரும்பச் சொன்னான். தியாகராசாவின் பெயரிலிருந்த கறை போனது. இதோடு தீர்ந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

இப்போது சாவகச்சேரியில், கடல் இரைச்சல் எட்டாத தன் வீட்டில் இருக்கிறான். இருட்டினால் சுவிச்சைத் தொடவே பயம். தொட்டால், அந்த வெளிச்சத்துக்கு ஒரு நுளம்பு கூட வருவதில்லை.

வருவது ஒன்றுதான். யன்னலுக்கு வெளியே, வானுக்குள் நுழையும்போது குறைப்பதுபோல், எஞ்சினின் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு.