முடியாத பின்னல்

அம்மாவின் தலை பின்னியிருந்தது.

பெரியவள் பால் தம்ளரோடு அறை வாசலிலேயே நின்றாள். காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துவட்டி, ஈரம் காயட்டும் என்று முடியைத் தலையணை முழுக்க விரித்துவிட்டு வந்தது அவள்தான். வாதம் வந்த கைகள் இரண்டும் போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை.

டிவியில் மட்டும் சின்னவள், அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்கப் பெரியவள் எடுத்த வீடியோ. பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, "போய்ட்டு வரேம்மா" என்று சின்னவள் கதவைத் திறந்துகொண்டு போவாள். அன்று போனவள்தான், சாலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. படுத்த படுக்கையான பிறகு அந்த டிஸ்க் ஓடும்வரை அம்மா குழந்தை மாதிரி இருப்பாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஊரைக் கூட்டுவாள். குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்பு நுரையோடு ஓடிவந்து மறுபடி போட்டாக வேண்டும். பெரியவள் தெருவைப் பார்த்தே மாதங்கள் ஆகிவிட்டன.

நேற்று ஸ்டூடியோ முதலாளி போன் செய்தார்.

"நாளைக்கு வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேம்மா. கல்யாணம் ஆனவங்க பிள்ளையே பெத்துட்டாங்க, நம்ம வீடியோ இன்னும் போய்ச் சேரல."

"கண்டிப்பா வந்துடறேன் சார்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. உன்னை என்ன ரிப்பீட்ல போட்டு வச்சிருக்காங்களா?"

அந்தக் கேலியில்தான் வழி பிறந்தது. வெறுமனே ரிப்பீட்டில் போட்டால் கதவுச் சத்தமும் சேர்ந்தே திரும்ப வரும். அதனால் ராத்திரியே அந்த வீடியோவை வெட்டினாள். கை அசையும் நொடியில் வெட்டினால் ஒட்டுத் தெரியாது என்பது அவளுடைய எடிட்டிங் தொழிலில் பாலபாடம். பின்னலின் நுனிக்கு வந்த விரல்களை, பிடரியில் முதல் பிரி எடுக்கும் விரல்களோடு ஒட்டினாள். ரிப்பனும் கதவும் விடைபெறுவதும் போயின. இனி அந்தச் சத்தமே வேண்டாம் என்று வெட்டிய துண்டை அழித்து, பழைய டிஸ்க்கையும் உடைத்துக் குப்பையில் போட்டாள். அதன்பின் அம்மா ஒருமுறைகூட அழவில்லை.

மறதியில் நானே பின்னியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு பெரியவள் பின்னலை அவிழ்த்தாள். புடவை மாற்றினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, மூடிய ஜன்னல்களுக்குள் தலை எண்ணெய் வாசனை தேங்கி நின்றது. டிவியில் சீப்பு சரக்கென்று இறங்க, அதற்கு அரை மூச்சு பிந்தி, கட்டிலருகே இன்னொரு சரக் கேட்டது.

பின்னல் இருந்தது. முன்னைவிட இறுக்கமாக. நெற்றித் தோல் மேலே ஏறி, அம்மாவின் கண்கள் கோடாகியிருந்தன.

"யாரும்மா பின்னினது?"

"இவதான். வலிக்குதுடி. விடச் சொல்லு."

பெரியவள் திரையைப் பார்த்தாள். அந்த வீடியோவில் சின்னவள் தலை நிமிரவே மாட்டாள். இப்போது நிமிர்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

"எழுந்துக்க முடியலக்கா. நீதான் விடமாட்டேங்கிற."

ரிமோட்டை அழுத்தினாள். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

சீப்புச் சத்தம் நிற்கவில்லை.

கட்டிலில் ஏறி, அம்மாவை மார்போடு சாய்த்துக்கொண்டு பின்னலைப் பிரித்தாள். வேகமாக. கீழே பிரிந்தது. மேலே பின்னியது. யார் பின்னுவது என்று குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள்தான்.

இழுத்தாள். வரவில்லை. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளே போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது. இடுப்பின் இருபுறமும் குளிர்ந்த முழங்கால்கள். கொண்டை ஊசியை யாரோ மெல்ல உருவினார்கள்.

"அசையாதேக்கா."

பிடரியில் முதல் பிரி.

அணைந்த திரையின் கண்ணாடியில் மூன்று தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில் இருந்தவள் வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. விரல்கள் நுனிவரை போயின. ஒட்டுத் தெரியாமல் மேலே வந்தன.