மடிப்பில் நின்ற ஏழு

மழையோடு சேர்ந்து அவனும் அச்சகத்துக்குள் நுழைந்தான். தலையிலிருந்து நீர் சொட்டியது. சட்டைக்குள் பொத்தி வைத்திருந்த மாதிரி அட்டை மட்டும் நனையவில்லை.

"இத வடிவமைச்சது யாருங்க?"

"நான்தான்." கணினிக்குப் பின்னாலிருந்து அச்சக முதலாளியின் மகள் நிமிர்ந்தாள்.

அந்தக் கண்கள்... வந்த காரணமே அவனுக்கு ஒரு நொடி மறந்துபோனது.

"ஒரு ஏழக் காணோம்," என்றான், மெதுவாக.

அட்டை முழுக்க இலக்கங்கள். இரண்டு வருடம் தேடி அவன் கண்டெடுத்த பகா எண். இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றேதான். நாளை அதைப் பற்றி அவனுடைய முதல் உரை. வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் இங்கே அச்சாகியிருக்கும் இந்த முந்நூறு அட்டைகள்.

"அதுவா... நட்ட நடுவுல, மடிப்புல தனியா நின்னுச்சு. கை தவறி விழுந்ததுன்னு எடுத்துட்டேன். இப்ப ஒரு பக்கத்துக்கு ஐந்நூறு. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

"அழகாதான் இருக்கு. ஆனா பதினொண்ணால வகுபடுதே. அப்ப இது பகா எண்ணே இல்லயே."

"ஆயிரம் இலக்கத்தையும் மழையில நடந்துக்கிட்டே வகுத்தீங்களாக்கும்?"

"வகுக்கவே வேணாம். ஒண்ணக் கூட்டி, அடுத்ததக் கழிச்சு... அப்படியே போங்க. கடைசில பூஜ்யம் வந்தா வகுபடும்."

"இந்தக் கடையிலிருந்து பிழையோட ஒரு தாள்கூட வெளிய போனதில்ல, தெரியும்ல?"

வீம்பாகப் பென்சிலை எடுத்தாள். கூட்டிய ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்து ஜோடி கழித்துக்கொண்டே வந்தது. பூஜ்யம். அவள் காது மடல் சிவந்தது. மேசை இழுப்பறையிலிருந்து எண் ஸ்டாம்பை எடுத்து ஏழுக்குத் திருப்பினாள்.

"அட்டைய விரிச்சுப் பிடிங்க."

"முந்நூறும் கையாலயா?"

"பின்ன? என் தப்பு இந்த வாசலத் தாண்டாது."

அவன் விரிக்க, அவள் குத்தினாள். வெளியே மழை விடுவதாக இல்லை.

"பாவம் இந்த ஏழு," என்றாள். "எல்லாத்துக்கும் ஜோடி இருக்கு, இதுக்கு மட்டும் இல்ல."

"இது தனியா நின்னாதான் அது பகா எண்."

"நீங்களும் அப்படித்தானோ?"

அவன் சட்டென்று அவளை நிமிர்ந்து பார்த்ததில் அட்டை நகர்ந்தது. ஏழு சற்றே சாய்ந்து விழுந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இருநூறாவது அட்டையில், தலை நிமிராமல், "மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

கடைசி அட்டைக்கு அவள் ஸ்டாம்பைத் தூக்கியபோது அவன் கையால் மறைத்தான்.

"இதுல மட்டும் வேணாம்."

"பதினொண்ணால வகுபடுமே..."

"வகுபடட்டும். இதுல யாருமே தனியா இல்ல." அவன் குரல் இறங்கியது. "எனக்கும் தனியா நின்னது போதும்னு தோணுது... உங்களப் பார்த்ததிலிருந்து. உங்களப் பிடிச்சிருக்குங்க."

அவள் ஸ்டாம்பைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, எல்லாம் சரியா முடிஞ்சுதா?" உள்ளே இயந்திரத்தருகிலிருந்து அப்பாவின் குரல்.

அந்த அட்டையைக் கவனமாக மடித்து, அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் பிழையோட போகுதுப்பா... தெரிஞ்சேதான் அனுப்பறேன்."