மருந்து அடித்த வீடு

மதிவதனி கட்டிலை விட்டு இறங்கக்கூட இல்லை.

ஜன்னல் திரை முழுவதும் எரிந்துபோய் வளையங்கள் மட்டும் கம்பியில் தொங்கின. கீழே ஜன்னல் கட்டையில் கரி பிடித்த அகல் விளக்கு. மெத்தை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவள் மேல் தீ அதிகம் படவில்லை.

புகையே போதுமானதாக இருந்திருக்கிறது...

"தூக்கத்துலயே போய்ட்டாங்க மேடம்," என்றார் தீயணைப்பு நிலைய அதிகாரி அன்பரசு.

இன்ஸ்பெக்டர் ஆதிலட்சுமி அண்ணாந்து பார்த்தார். கூரையில் புகை அலாரம். ஸ்டூல் போட்டு ஏறி மூடியைக் கழற்றினார்.

உள்ளே பேட்டரி இல்லை!

தெரு முழுக்கத் தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பாதி நெய்த பட்டுச் சேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கியபடி ஓடி வந்தான் ஹேமநாத். மதிவதனியின் கணவன். தேவிகாபுரத்தில் வேலையாக இருந்தவனைப் போனில் பிடித்திருந்தார்கள்.

அவன் செய்யும் தொழிலைக் கேட்டதும் ஆதிலட்சுமியின் புருவம் உயர்ந்தது.

தீத்தடுப்பு மருந்துக் கடை!

திரை, சோபா, மரக்கதவு... எதன் மேல் அடித்தாலும் தீ சட்டென்று பரவாது. ஆரணியில் பாதி ஜவுளிக் கடைகளுக்கு அவன்தான் அடித்துக் கொடுத்திருந்தான். மதிவதனி நச்சரித்ததால் சொந்த வீட்டுத் திரைகளுக்கும் ஒரே நாளில், ஒரே மருந்தை அடித்ததாகச் சொன்னான்.

"அப்புறம் எப்படி எரிஞ்சுது?"

"பெட்ரூம் தெரய மட்டும் அவ தொவச்சிட்டா மேடம். தண்ணி பட்டா மருந்து போய்டும்னு சொல்லிகினே இருந்தேன். கேக்கல."

அது சாத்தியம்தான் என்றார் அன்பரசு, தனியாக. சில மருந்துகள் ஒரே அலசலில் கரைந்துவிடுமாம்.

பேட்டரிக்கும் ஹேமநாத் பதில் வைத்திருந்தான். அலாரம் சும்மா சும்மா கத்திப் பேஜார் பண்ணுகிறதென்று அவளே கழற்றிவிட்டாளாம். ஜன்னல் விளக்கையும் அவளேதான் ஏற்றியிருப்பாளாம்.

எல்லாவற்றுக்கும் பதில். எந்தப் பதிலிலும் தடுமாற்றம் இல்லை.

மறுநாள் வெம்பாக்கத்திலிருந்து மதிவதனியின் தங்கை கலையரசி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மாமா வேறொருத்தியைக் கட்டிக்கொள்ள விவாகரத்து கேட்டதையும், அக்கா மறுத்ததையும் சொன்னாள். சம்பவத்தன்று காலையில் அக்காவுக்குக் காய்ச்சல். மாமா கொடுத்த மாத்திரையால் தூக்கம் சொக்குகிறது என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"வெளக்க அக்கா ஏத்தலைங்க. மாமாதான் ஏத்தி ஜன்னல் கட்டைல வெச்சிருக்காரு. தெர கிட்ட வேணாம்னு அக்கா சொல்லிச்சாம். மருந்து அடிச்ச தெர, ஒண்ணும் ஆவாதுன்னாராம்."

செத்துப்போனவள் போனில் சொன்ன வார்த்தை. கோர்ட்டில் அவன் இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் ஹேமநாத்தை அவன் வீட்டுக்கே வரச் சொன்னார். அதுவரை வீட்டுச் சாவி போலீஸ் வசம். ஜன்னல் சாத்திய ஹாலில் புழுக்கமாக இருந்தது. கரி வாடை இன்னும் போகவில்லை.

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அவனை உட்காரச் சொன்னார். அவன் தோளுக்குப் பின்னால் நீலத் திரை.

"இந்தத் தெர தொவச்சதா?"

"இல்ல மேடம். மருந்து அப்படியே இருக்கு."

"நிச்சயமா?"

"நானே அடிச்சேன்."

ஆதிலட்சுமி எழுந்துபோய் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். பூட்டியும்விட்டார். பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்தார். கூட வந்திருந்த அன்பரசு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"என்ன மேடம் இது..."

"இது எரியலன்னா நீங்க சொன்னதெல்லாம் நெசம். நீங்க பாட்டுக்குப் போய்கினே இருக்கலாம்."

லைட்டர் சொடுக்கியது. நீலச் சுடர் திரையின் ஓரத்தைத் தொட்டது.

ஹேமநாத்தின் நாற்காலி பின்னால் சரிந்தது. கதவில் போய் மோதினான். பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

"ஜல்தியா தொறங்க மேடம். அதுல மருந்தே இல்ல. வெறும் தண்ணி. மூணு பேரும் செத்துருவோம்."

ஆதிலட்சுமி அவன் அருகில் வந்தார்.

"பெட்ரூம் தெரைலயும் தண்ணிதான?"

தலை ஆடியது.

"பேட்டரி?"

"நான்தான்... தொறங்க மேடம், காலத் தொட்டுக் கேக்கறேன்."

யாரும் அசையவில்லை. முதுகில் சூடு ஏறும், ஏறும் என்று காத்திருந்தவன், ஏறாததால் மெல்லத் திரும்பினான்.

திரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. மெல்லிய புகை. தீ எப்போதோ அணைந்திருந்தது.

"எப்படி..." என்றான்.

பழைய திரைகளைக் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார் அன்பரசு. இது அதே நிறத்தில் வாங்கி, மருந்தில் முக்கிக் காயவைத்து மாட்டிய புதுத் திரை.

ஆதிலட்சுமி லைட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விலங்கை எடுத்தார்.

"உங்க கடைல வாங்கின மருந்துதான் சார். நல்ல சரக்கு. வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துட்டு வந்திருக்கலாம்."