கூரையில் வைத்த சோறு

நிலோஜன் அந்த மலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று போனில் எனக்கு முதலில் காட்டியது மாடுகளைத்தான். பிரான்சின் சவோய்ப் பகுதியில், பனி மூடிய ஒரு மேட்டுக் கிராமம். கீழே கல்லில் கட்டிய தொழுவம், அதற்கு மேல் மனிதர் இருக்கும் அறை, அதற்கும் மேல் வைக்கோல் பரண். மாட்டின் சூடு பலகை வழியாக ஏறி வீட்டைக் காக்குமாம். வீட்டுக்காரி மதாம் ஜோசெட் இடுப்பு ஒப்பரேசனுக்காக நகரத்துக்கு இறங்கியிருந்தார். பனி உருகும் வரை பதினான்கு மாடுகளும் என் கணவரின் பொறுப்பு. இங்கே எங்கள் ஊர் தேற்றாத்தீவில் இருந்த காலத்தில் மாட்டுப் பக்கமே தலைகாட்டாத மனிதர்!

மாசியில் மாமாவின் ஆண்டுத் திவசம் வந்தது. தகப்பன் செத்தபோது வர முடியவில்லை என்ற வேதனை நிலோஜனை அரித்துக்கொண்டே இருந்தது. இங்கே நான் மத்தியானம் காகத்துக்குப் படைத்தபோது அங்கே காலை ஏழரை. இன்னும் வெயில் வரவில்லை.

"இஞ்சருங்க, நீங்களும் கொஞ்சம் கூரையில வையுங்க. மகன்ட கையால வைக்கணும்" என்றேன்.

"இஞ்ச காகம் ஒண்டும் இல்ல புள்ள. பனிதான் இரிக்கு."

"சும்மா வையுங்க."

பரண் சன்னலைத் திறந்து, பனியின் மேல் தட்டை வைத்துவிட்டு போனை வெளியே நீட்டினார். அழுகையில் அவருக்குக் குரல் வரவில்லை. அதனால் நான்தான் கூப்பிட்டேன். மாமனார் பெயரைச் சொல்ல மருமகளுக்கு வாய் வருமா?

"பசியோட இருக்கிறவங்க வாங்க. சாப்பிட்டுட்டு, மறுகா எங்கட வீட்டுக்கும் வாங்க."

பெயர் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

மறுநாள் தட்டு கழுவித் துடைத்தது போல் கிடந்தது. மாமாதான் வந்திருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோசம். நிலோஜன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டைச் சுற்றிப் பனியில் நீளமான பள்ளங்கள், ஆட்கள் படுத்து எழும்பியது போல.

ஏழு. ஒன்று குழந்தை அளவு.

அவர் மதாமுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் குளிர் மாதங்களில் யாராவது இறந்தால் நிலம் இறுகிக் குழி வெட்ட முடியாதாம். சீலையில் சுற்றிக் கூரைப் பனிக்குள் வைத்து, பனி உருகிய பிறகுதான் இறக்கி அடக்கம் செய்வார்களாம். ஒரு வருடம் காய்ச்சல் பரவி, இறக்குவதற்கு அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லையாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "யாரையாவது கூப்பிட்டாயா?" என்று மதாம் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் மத்தியானம் நிலோஜன் போனில் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"வதனி... மேல நடக்கிறாங்க."

"வெளியில ஓடுங்க!"

"எங்க ஓடுற? பாதையெல்லாம் பனி மூடிப் போச்சு."

போனுக்குள் எனக்கும் கேட்டது. பலகை நெரிந்தது. பிறகு இன்னொரு பலகை.

மாடுகள் மூச்சுக்கூட விடவில்லை.

பிறகு எல்லாம் அடங்கியது. "போயிட்டாங்க புள்ள" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மாசி வெயில் கொளுத்தியது. வாவிக் காற்று நின்றிருந்தது. முருங்கையில் ஒரு காகம்கூட இல்லை.

எங்கள் ஓட்டுக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஏழு இடத்தில்.

கையை நீட்டினேன். குளிரில் விரல் விறைத்துப் போனது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஏழு இலை போடுகிறேன். எப்போது வந்து தின்கிறார்கள் என்று தெரியாது, இலை மட்டும் வெறுமையாகும். காகத்துக்கு இவ்வளவு விருந்தா என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் கேலி செய்கிறாள். நானும் சிரித்து மழுப்புகிறேன். நிறுத்தினால் பசியோடு எங்கே திரும்பிப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நேற்று எனக்குக் கடும் காய்ச்சல். பாயை விட்டு எழும்ப முடியவில்லை. ஒரே ஒரு நாள்தான் உலை வைக்கவில்லை.

இன்று காலையிலிருந்து நிலோஜன் போனை எடுக்கவில்லை.

ஏழு இலை போட்டேன். "சாப்பிடுங்க, உங்களக் கும்பிட்டன்" என்று கெஞ்சிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

எட்டு இடத்தில் சொட்டுகிறது.

எட்டாவது, நாங்கள் இருவரும் படுக்கும் அறைக்கு நேர் மேலே.