ஊசிச் சந்து

ஊர் வரைபடம் போடுகிற நாங்கள் அதில் ஒரு பொய்யை ஒளித்து வைப்போம். இல்லாத ஒரு சந்து. எவனாவது நம் படத்தைத் திருடி அச்சடித்தால், அந்தச் சந்தே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். பல்கலைக்கழகத்துக்குக் கிழக்கே உள்ள தெருக்களை இருபது வருடம் கால் தேய நடந்து வரைந்தவன் நான். அங்கே சலவைக் கடைக்கும் புத்தகம் கட்டும் கடைக்கும் நடுவில் 'ஊசிச் சந்து' என்று ஒன்றைப் போட்டேன். முட்டுச்சந்து. வீட்டில்கூடச் சொன்னதில்லை. தொழில் ரகசியமாம், திமிர் பிடித்தவனுக்கு.

மகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க இடம் கிடைத்தது. அறை தேட நானும் வருகிறேன் என்றேன். "உங்க மேப் இருக்கேப்பா, போதும்" என்று தனியாகவே கிளம்பிவிட்டாள்.

மதியம் போன் வந்தது.

"ரூம் கிடைச்சிருச்சுப்பா. ஊசிச் சந்து, நாலாம் நம்பர்."

எப்படியோ கண்டுபிடித்துக் கலாய்க்கிறாள் என்று முதலில் சிரித்தேன். பிறகு உட்கார முடியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அந்தத் தெருவை நாலு முறை அளந்தேன். ஒரு பக்கம் சலவை ஆவி, மறு பக்கம் பசை வாடை. நடுவில் வெறும் சுவர்.

சலவைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"காலையில ஒரு பொண்ணு மேப்பைப் பிரிச்சு வச்சுக்கிட்டு இங்கதாங்க நின்னுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்."

மகளுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்க?"

"ஜன்னல்கிட்டப்பா." குரல் கிசுகிசுத்தது. "உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஏன் சுவத்தைத் தடவுறீங்க?"

கையை இழுத்துக்கொண்டேன்.

"உடனே வெளிய வாம்மா."

"வந்த வழியைக் காணோம்ப்பா. அப்பவே தேடிட்டேன்."

பெற்றவன் போட்ட பொய்க்குள் பிள்ளை நிற்கிறாள். வேறென்ன செய்வேன்? பையிலிருந்த வரைபடத்தை அந்தச் சுவரிலேயே விரித்தேன். சந்தின் அடைபட்ட முனையிலிருந்து பின் தெருவுக்குப் பேனாவால் ஒரு வழி வரைந்தேன்.

"அப்பா, இங்க ஒரு வழி தெரியுது."

"ஓடி வா!"

நானும் ஓடினேன். பின் தெருவில், நேற்றுவரை இல்லாத ஒரு இடைவெளியிலிருந்து வெளியே வந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். அவள் உடம்பு சில்லென்று இருந்தது.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"எல்லா வீட்லயும் இருக்காங்கப்பா. யாரும் வெளிய வரல, ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நீங்க கோடு போட்டதும் எல்லாரும் எழுந்துட்டாங்க."

இடைவெளிக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.